ஐஸில் ஒரு நாவல்குழி

வரைபடம் திறந்தது. திறந்ததுதான் திறந்தது, இப்படியா திறக்கும் என்று அப்பாண்டைராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் கேட்டது கல்வராயன் மலையையும் அதைச் சுற்றியிருக்கிற ஊர்களையும். வந்து நிற்பதோ பாதி உலகம். கீழே இந்தியா கட்டைவிரல் நகம் அளவுக்குத் தொங்குகிறது, நடுவில் ரஷ்யா பாய் விரித்துப் படுத்திருக்கிறது, மேலே வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லாத இடம். மணி மூன்று பத்து. நாலு மணிக்குப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். நடமாடும் மருத்துவ வண்டி அடுத்த ஒரு வருஷத்துக்கு எந்தெந்த ஊரில் நிற்கும் என்கிற பட்டியல் அது. ஊர்களின் எல்லை உருவங்களை ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று வரிகளாக மாற்றி அதில் ஏற்ற வேண்டியது இவன் பொறுப்பு. நாலு மணிக்குள் ஏறாத ஊருக்கு அடுத்த வருஷம்தான். சாப்பாட்டு டப்பாவைக்கூட இன்னும் திறக்கவில்லை, அவரைக்காய்ப் பொரியல் ஆறிப் போயிருக்கும், போகட்டும், இந்தச் சனியன் பிடித்த ரஷ்யா எங்கேயிருந்து வந்தது, மலையைக் கேட்டால் மலையைக் காட்டாமல் இது என்ன விளையாட்டு என்று மவுஸை ஒரு தட்டுத் தட்டினான். ரஷ்யா நகரவில்லை.

காலையிலிருந்து எவ்வளவு சந்தோஷமாக இருந்தான். இந்த மாற்றுகிற வேலை அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. வாலாஜாவில் இருக்கிற பெரியம்மா ஒரு தடவை, ராஜா நீ அங்கே என்னதான்டா வேலை பார்க்கிறாய் என்று கேட்டபோது, ஊருக்கெல்லாம் அடைப்புக்குறி மாத்திப் போடுற வேலை பெரியம்மா என்றான், அவள் அரசாங்க உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டு பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாள். ஆனால் விஷயம் அதுதான். ஓர் ஊரின் எல்லையை எழுத்தில் எழுத ஒரு முறை இருக்கிறது: பாலிகன், அதாவது பலகோணம், என்று எழுது, இரண்டு அடைப்புக்குறி திற, ஒரு புள்ளிக்கு இரண்டு எண், நடுவில் இடைவெளி, அப்புறம் கமா, அடுத்த புள்ளி. பட்டியல் போடுகிற புதுச் செயலிக்கு அது பிடிக்காது. அதற்கு ஜியோஜேசன் என்கிற வேறொரு எழுத்துமுறை வேண்டும். சதுர அடைப்புக்குறி, நெளி அடைப்புக்குறி, மேற்கோள், எல்லா நகையும் போட்டுக்கொண்டு வர வேண்டும். நடுவில் டேட்டாபேஸ் தனக்கென்று ஒரு ரகசிய எழுத்து வைத்திருக்கிறது, பூஜ்யம் ஒன்று பூஜ்யம் மூன்று என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாக எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து ஓடும், எல்லா ஊரும் அதே பூஜ்யம் ஒன்று பூஜ்யம் மூன்றில்தான் ஆரம்பிக்கும், ஏரிக்கரை ஊரும் மலை ஊரும் அதில் ஒன்றுதான். அதைப் பார்த்தால் ஒரு மனுஷனுக்கும் ஒன்றும் புரியாது. ஒரே ஒரு கட்டளை, குவெரி என்பார்கள், கொடுத்தால் போதும், அந்தக் கிறுக்கல் சரசரவென்று ஊராக மாறி வந்து விழும். ஒவ்வொரு தடவை விழும்போதும் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அடைப்புக்குறி மாறுகிறது, ஊர் மாறுவதில்லை, ஓர் அடிகூட நகர்வதில்லை, அதில்தான் இருக்கிறது ருசி. பக்கத்து மேசை ஷமீமா வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "சார், நீங்க குவெரி ஓடும்போது தன்னால சிரிக்கிறீங்க, பயமா இருக்குது" என்பாள். சிரித்தால் என்ன, சிரிக்கிறதுக்கும் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு மறுபடி சிரிப்பான்.

இந்தச் செயலியின் வரைபடத்துக்கு ஒரு குணம் உண்டு. கொடுத்த உருவங்கள் அத்தனையும் திரைக்குள் தெரிகிற மாதிரி தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும். குடும்பப் போட்டோ எடுக்கிறவர் பின்னால் போய்க்கொண்டே இருப்பதில்லையா, கடைசி ஆளும் உள்ளே வருகிறவரைக்கும், அப்படி. அப்படியானால் எவனோ ஒருவன் வெகுதூரத்தில் நிற்கிறான். ஆயிரத்து நூற்று நாற்பத்து இரண்டு பேரும் அந்த நகத்தின் கீழ்ப்பக்கம் ஒரே பச்சைப் புள்ளியாக அப்பிக் கிடக்க, ஒருத்தன் மட்டும் தனியாக. அப்பாண்டைராஜ் கண்ணைச் சுருக்கித் தேடினான். மேலே, நார்வேக்கும் மேலே, வட துருவத்துக்குப் பக்கத்து வெள்ளையில் தூசி மாதிரி ஒரு பச்சை. கண்ணாடித் திரையில்தான் தூசியோ என்று விரலால் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான், ஒரு தீவு வந்தது, தீவு முழுக்கப் பனி, பனிக்குள்ளே நீலம் நீலமாகக் கடல் குடைந்த இடங்கள், அதற்குத் தெற்கே ஒரு மேட்டில், பச்சைக் கோடு போட்டு, பெயர்ப் பலகை மாட்டி, சாவகாசமாக உட்கார்ந்திருந்தது நாவல்குழி. அவனுக்கு வந்த சிரிப்பில் மேசை ஆடியது. நாவல்குழி! நாற்பத்தெட்டு வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பலாமரம், கேழ்வரகுக் கொல்லை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வட துருவத்துக்குப் போய் இறங்கியிருக்கிறது. ஷமீமா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயய்யோ சார், இங்க வெள்ளக்கரடிதான் இருக்கும்." "ஆமாம்மா, அதுங்களுக்கு ரத்த அழுத்தம் பாக்கணுமில்ல" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் போய்க் கடலையோடு உட்கார்ந்த பிறகும் அவன் வாய் சிரித்தபடியே இருந்தது, கண் மட்டும் எண்களைப் பார்த்தது.

பதினொன்று முன்னால் இருக்கிறது, எழுபத்தெட்டு பின்னால் இருக்கிறது. அட்சரேகை முன்னால், தீர்க்கரேகை பின்னால். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அட்சரேகை தீர்க்கரேகை என்று ஒரே மூச்சில், யாராவது தீர்க்கரேகை அட்சரேகை என்று சொல்வதுண்டா, நாக்கே புரளாது. ஆனால் டேட்டாபேஸ் தலைகீழ்ப் பிறவி, அதற்கு முதலில் தீர்க்கம்தான் வேண்டும். இது அவனுக்குத் தெரியாதா? அவனுடைய திரையின் ஓரத்திலேயே மஞ்சள் காகிதத்தில், தீர்க்கம் முன்னே அட்சம் பின்னே என்று, அவனுடைய கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது. ஷமீமா வேலைக்குச் சேர்ந்த அன்று இதைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தவன் அவன். மற்ற ஊர்களெல்லாம் சர்வே கோப்பிலிருந்து மொத்தமாக வந்தவை, கை படாதவை. நாவல்குழி அந்தக் கோப்பில் இல்லை. எவரும் போய் அளந்ததில்லை. போன ஆடி மாதம் அந்த ஊர்ச் செவிலியர் பிலோமினா, ஐம்பத்திரண்டு வயசு, குடையைப் பிடித்துக்கொண்டு எல்லை முழுக்க நடந்து, செல்போனில் தெரிந்த எண்களை தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, ஊருக்குள்ளேயே ஒரு பாறையில்தான் சிக்னல் வரும் என்பதால் அதன் மேல் ஏறி நின்று அவனுக்குப் போன் செய்தார். "பாண்டி சார், எழுதிக்கிறீங்களா? பலாமரம். பதினொண்ணு புள்ளி எட்டு நாலு ஒண்ணு ஏழு, எழுவத்தெட்டு புள்ளி எட்டு பூஜ்யம் ஒம்பது மூணு." அப்பாண்டை என்ற பெயர் அவர் காதில் பாண்டி என்று விழுந்தது, இவனும் திருத்தவில்லை, யாரோ புது ஆளாக இருப்பது நன்றாக இருந்தது. மழை இரைச்சலுக்குள் அவர் சொல்லச் சொல்ல இவன் அடித்தான். காது கேட்டதைக் கை அப்படியே அடித்தது. இருபத்து மூன்று புள்ளி. கடைசியில், சிஸ்டர், ஆரம்பித்த புள்ளியிலேயே கொண்டுவந்து முடிக்க வேண்டும், முதல் எண்ணையே மறுபடி சொல்லுங்கள் என்றதற்கு அந்த அம்மாள் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அட்டையைப் பார்த்துச் சொல்லாமல், திரும்பப் பலாமரத்துக்கே நடந்து போய், பார்த்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். "அதே வேர் மேலதான் சார் நின்னேன், கடைசி நம்பரு மூணு நாலா மாறிடுச்சு." டேட்டாபேஸ் ஒத்துக்கொள்ளவில்லை, வளையம் மூடவில்லை என்று முறுக்கிக்கொண்டது, இவன்தான் முதல் எண்ணையே போட்டு மூடினான். மூடினானே, மூடும்போதாவது முன்னே எது பின்னே எது என்று பார்த்தானா?

சிரிப்பு எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியவில்லை. போன ஆடி. அப்படியென்றால் போன வருஷப் பட்டியலுக்கும் இதே உருவம்தான் போயிருக்கிறது. போன வருஷம் வரைபடம் கிடையாது, வெறும் வரிகள்தான், எவரும் பார்க்கவில்லை. மாவட்ட எல்லைக்கு வெளியே விழுவதைச் சத்தம் போடாமல் கழித்துவிடு என்று ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. அதை எழுதியதும் அவன்தான். சத்தம் போடாமல் என்பதை நினைத்துப் பெருமைப்பட்டது கூட ஞாபகம் இருக்கிறது. நாவல்குழி சத்தம் போடாமல் கழிந்துவிட்டது. தை மாதத்தில் அவர் ஒரு தடவை கூப்பிட்டார். "நாங்க எல்லைக்கு வெளியேன்னு கடுதாசி வந்திருக்குது சார், எந்த எல்லைக்கு வெளிய? நான்தானே சுத்தி வந்தேன்?" இவன் என்ன சொன்னான்? மேலே பேசிப் பாருங்க சிஸ்டர் என்றான். மேலே! மேலே யார் இருக்கிறார்கள், மேலே வெள்ளைக்கரடி இருக்கிறது. பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு இரண்டு நடை, இருபத்து நாலு தடவை அந்த வண்டி கீழ்ச்சாலையோடு போய்விட்டது. நாற்பத்தெட்டு வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் சர்க்கரை எத்தனை பேருக்கு, பிள்ளைத்தாய்ச்சி எத்தனை பேர், மூச்சிரைப்பு எத்தனை பேருக்கு, ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது... அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றது. வேறு பக்கம் திருப்பினான், அவரைக்காய், பெரியம்மா, மின்விசிறியின் கிரீச்சு, எதைத் தொட்டாலும் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்தது, ஒருத்தராவது. இருநூற்றுப் பன்னிரண்டு இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டுதானா? இதை எந்தக் குவெரியில் கேட்பது? மணி மூன்று முப்பத்தாறு.

சரி செய்வதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு எண்ணையும் இடம் மாற்றுகிற கட்டளை ஒன்று டேட்டாபேஸிலேயே இருக்கிறது, ஒரே வார்த்தை. அடித்தான், ஓட்டினான், கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. ஒரு வருஷத்துக்கு ஒரு வார்த்தை. பட்டியலில் ஏற்றப் போனபோதுதான் செயலி ஒரு பெட்டியை நீட்டியது: திருத்தத்துக்கான காரணம். அப்பாண்டைராஜின் விரல் பழக்கத்தில் ஓடியது. தொழில்நுட்பக் காரணங்களால் ஆயத்தொலைவு வரிசையில் பிழை நேர்ந்துள்ளது. எழுதிவிட்டுப் பார்த்தான். நேர்ந்துள்ளது. எவ்வளவு சௌகரியமான சொல். யாரும் செய்யவில்லை, அதுவாக நேர்ந்திருக்கிறது, மழை பெய்கிற மாதிரி, பல் விழுகிற மாதிரி. இதை இப்படியே அனுப்பினால் ஓர் ஈ காக்கைக்கும் தெரியாது, நாவல்குழிக்கும் வண்டி போகும், இவனும் நிம்மதியாக அவரைக்காய் சாப்பிடலாம். அழித்தான். பிழை ஏற்பட்டுவிட்டது. அதுவும் அக்கா தங்கச்சிதான். அழித்தான். பிழை செய்யப்பட்டது. யாரால் அப்பா, அதைச் சொல்லேன். ஒரே விஷயம்தான், ஒவ்வொரு அடைப்புக்குறிக்குள்ளும் மாட்டிப் பார்க்கிறான், ஆனால் உருவத்தை மாற்றும்போது ஊர் நகராத மாதிரி இதில் இல்லை, இதில் ஒவ்வொரு தடவையும் பிழை செய்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பனிக்கே போய்விடுகிறான். "சார், மணி மூணு நாப்பத்தாறு" என்றாள் ஷமீமா, இந்த முறை கடலை உரிக்காமல். எழுதினான்: சென்ற ஆண்டு நாவல்குழியின் எல்லை எண்களை நான் முன்பின்னாகப் போட்டேன். பிழை செய்தது நான். ஊர் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஒப்பம், அப்பாண்டைராஜ். அனுப்பு என்பதை அழுத்தினான். திரையில் பச்சையாக வந்தது: ஏற்கப்பட்டவை 1143. எல்லைக்கு வெளியே 0. ஷமீமா கை தட்டினாள். அவன் தட்டவில்லை, போனை எடுத்தான்.

நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல், ரொம்ப இனிமையாக. அம்மா தாயே, நீயுமா என்றான். மறுபடி அடித்தான், மறுபடி எல்லைக்கு வெளியே. மூன்றாவது தடவையும் அதே இனிமை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டிகள் வெயிலில் நின்றன, மணி நாலு அடித்துப் பட்டியல் பூட்டிக்கொண்டது, இவன் போனைக் கையில் வைத்துக்கொண்டே அவரைக்காயை ஒரு வாய் போட்டான், ருசி தெரியவில்லை, எத்தனை பேர், ஒருத்தராவது, பாறைக்கு ஏறுவாரா, முட்டிவலி என்று ஒருமுறை சொன்னாரே, ஏறாவிட்டால் நாளைக்கு நானே போக வேண்டியதுதான், போய் என்ன சொல்வது. நாலு இருபதுக்கு போன் அதிர்ந்தது. மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் வந்தது, பிறகு குரல். "பாண்டி சார்! தவறின அழைப்பு மூணு இருக்குது. பாறைக்கு ஏறின அப்பறந்தான் வந்து விழுது. என்னா விஷயம்?" அவன் சொன்னான். எழுதி வைத்துக்கொண்டு சொல்வது போல் ஒரே மூச்சில் சொன்னான், முன்னே எது, பின்னே எது, கடுதாசி ஏன் வந்தது, யார் செய்தது, எல்லாவற்றையும். "அப்ப நாங்க எங்கதான் சார் இருந்தோம் ஒரு வருஷமா?" "வட துருவம் சிஸ்டர். ஐஸ்ல." அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டான்: "சிஸ்டர், இந்த ஒரு வருஷத்துல, வண்டி வராததால, அங்க யாராவது..."

"யாரும் போகல சார்." குரல் அவனைவிட வேகமாக வந்தது. "அதுக்குத்தான் இப்படிக் கொரல் நடுங்குதா? யாரும் போகல. வியாழனுக்கு வியாழன் நான் கீழ போயி மாத்திரைப் பையத் தூக்கிக்கினு ஏறி எறங்கிட்டுதான் இருக்கேன். சிந்தாமணிக்கு மட்டும் ஆஸ்பத்திரி போறதுக்குள்ள ஜீப்புலயே பொறந்துடுச்சு, ரெண்டாவது வளைவுல. பொம்பளப் புள்ள. நல்லா குண்டா இருக்குது. போனது ஒண்ணே ஒண்ணு, என் முட்டி." அப்படியென்றால் இருநூற்றுப் பன்னிரண்டு இல்லை, இருநூற்றுப் பதின்மூன்று. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமே இல்லாமல் வந்தது, ஷமீமா பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான். "மன்னிச்சுக்குங்க சிஸ்டர்." "உங்க மேல கோவம் வராம இருக்குமா? வருது. என் முட்டிக்கு நீங்கதான் பதில் சொல்லணும். மொத வண்டில நீங்களும் ஏறி வாங்க, வந்து எறங்கி ஊரு முன்னாடி நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா எவன் நம்புவான், ஐஸு கதைய?" சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் பிடிபட்டது போலச் சிரிக்க ஆரம்பித்தார், முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, பாறை மேல் நின்றுகொண்டு ஒரு செவிலியம்மாள் தனியாகச் சிரிப்பதை ஆடு மாடுதான் பார்த்திருக்கும். "பலாமரம் ஐஸுக்குள்ளயா சார்? அடக் கடவுளே!" அவனும் சிரித்தான். வருகிறேன் என்றான். பயமாகத்தான் இருந்தது, நாற்பத்தெட்டு வீட்டுக்கு முன்னால் நிற்பதென்றால் சும்மாவா, ஆனால் வருகிறேன் என்று சொன்னதும் மலைச்சாலையின் வளைவுகள் ஒவ்வொன்றாக மனசுக்குள் வந்தன, இரண்டாவது வளைவைக் காட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"அது சரி, எங்க ஊரு என்னா வடிவத்துல இருக்குது சார்?" என்றார். அப்போதுதான் உறைத்தது, ஒரு வருஷமாக அந்த இருபத்து மூன்று புள்ளிகளையும் எண்ணாகவே வைத்திருக்கிறான், இன்றைக்குப் பனிமேல் பார்த்ததுகூடப் புரண்டு கிடந்த உருவம், நேரான உருவத்தைப் பார்த்ததே இல்லை. பார்த்தான். மேலே அகலம், கீழே குறுகல், நடுவில் உள்வாங்கி ஒரு வளைவு. "முந்திரிக்கொட்டை மாதிரி இருக்குது சிஸ்டர்." "அனுப்புங்க பாக்கலாம்." வரைபடத்தின் இணைப்பை அனுப்பினான். இரண்டு பேரும் போனைத் துண்டிக்காமலே காத்திருந்தார்கள். "சுத்துது சார்... சுத்திக்கினே இருக்குது... அட இரு, நெட்டு ஒரு கோடுதான் காட்டுது, கையத் தூக்கிப் புடிக்கிறேன்..." அவர் கையைத் தூக்கியதில் குரல் தூரமாகப் போய், காற்று பெரிதாகக் கேட்டு, எங்கோ ஒரு கன்றுக்குட்டி கத்தி, பிறகு குரல் சட்டென்று பக்கத்தில் வந்தது. "முந்திரியா இது? காது சார். நல்லா பாருங்க, மனுஷன் காது. ஆமா, உள்ளாற நீலமா ஒரு புள்ளி நிக்குதே, வளைவுக்குப் பக்கத்துல, அது யாரு?"

"அது நீங்கதான் சிஸ்டர். உங்க போன் எங்க இருக்குதோ அங்கதான் அந்தப் புள்ளி நிக்கும்."

"நானா?" என்றார் பிலோமினா. ஓர் அடி எடுத்து வைத்துப் பார்த்திருக்க வேண்டும், செருப்பு பாறையில் உரசுகிற சத்தம் கேட்டது, இன்னொரு அடி, இன்னொன்று. "நகருது சார், கூடவே வருது. உள்ளதான் சார் இருக்கேன். நான் உள்ளதான் இருக்கேன்!"